கோயிலுக்கு வராமல் போனவர்கள்

கொரட்டூர் சீயாத்தம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலை வரும் பாட்டிகளுக்கு அம்மன் தரிசனம் பாதிதான். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, பேரன் போன் செய்தானா, முழங்காலுக்கு என்ன தைலம் தடவினாய் என்று பேசிக்கொள்வது மறுபாதி. பாடி திருவலிதாயத்துக்கு வியாழன்தோறும் போகும் பெரியவர்களுக்கும் அப்படியே. முதுமையில் பக்தி மனத்தைக் காப்பதில் இந்தப் பேச்சுத்துணைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் துணிபு.

நம்பிக்கையின் பங்கையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கோனிக் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நோயோடு மனச்சோர்வும் சேர்ந்திருந்த 87 முதியவர்களில், ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்களே விரைவாகத் தேறினார்கள். ஆனால் கோனிக், கென்னத் பார்கமென்ட் உள்ளிட்டோர் 2001இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வை நாம் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரை இரண்டாண்டு கவனித்தார்கள். கடவுள் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று உள்ளுக்குள் மல்லாடியவர்களிடம் இறப்பு அபாயம் சற்றே கூடியிருந்தது.

நம் வீடுகளில் இந்த மல்லாட்டத்துக்கு 'போன ஜென்மத்துப் பாவம்' என்று பெயர். கணவர் போன பிறகு பூஜையறைப் பக்கமே போகாத அம்மாவிடம், "சாமி கும்பிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். கும்பிட முடியாமல் போனதே மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அவர்களும் அழுவதில்லை. "கோயிலுக்கா? வேணாம்ப்பா, காலு வலிக்குது" என்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், சோறு இறங்காது, டிவி ஓடும், கண் அதில் இருக்காது. எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போவோம். 2017-18இல் எடுத்த தேசிய முதியோர் ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும். தமக்கு அது இருப்பதாக மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 0.8 விழுக்காடுதான்.

கால்வலி பொய் என்று சொல்லவில்லை. மழை பெய்தால் கொரட்டூர் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிவிடும் ஊர் இது. எழுபது வயதில் தனியாகக் கிளம்ப யாருக்குத் துணிவு வரும்? வெளியே போவது நின்றால் பேச்சு நிற்கிறது, பேச்சு நின்றால் மனம் இன்னும் சுருங்குகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இதைக் கவனிக்க ஆளும் இல்லை. கவனிக்கக்கூடியவர்கள் பூசாரியும், பூக்கடைக்காரரும், பஜனை மடத்துக் கூட்டாளிகளும்தான். தவறாமல் வந்தவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பதை வழிபாட்டின் பகுதியாகவே நம் கோயில்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனச்சோர்வு மருந்துக்கும் ஆலோசனைக்கும் கட்டுப்படும் நோய். தைராய்டு குறைந்தாலும், பக்கவாதத்துக்குப் பின்னும் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையோடு தொடங்குவது நல்லது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகக் காட்டலாம். அதற்குக் கூச்சப்படுபவர்கள் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.