கால்பந்து வீடியோ கேம்களின் ஆட்டமுறைகள்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கால்பந்து வீடியோ கேம்கள் இரண்டு பெரும் வகைப்படும். கைக்கருவியின் பொத்தான்களை அழுத்தித் திரையிலுள்ள வீரர்களை ஓடவிட்டு, பந்தை உதைக்கச் செய்பவை முதல் வகை. ஃபிஃபா, புரோ எவல்யூஷன் சாக்கர் ஆகிய வரிசைகள் இதில் அடங்கும். அணியைத் தேர்ந்தெடுத்தல், வீரர்களை வாங்குதல், விற்றல், பயிற்சி வகுத்தல் ஆகியவற்றை மட்டும் விளையாடுபவரிடம் விட்டுவிட்டு, போட்டியைக் கணினியே நடத்திக் காட்டுபவை இரண்டாம் வகை. இவை மேலாளர் ஆட்டங்கள் எனப்படும். சாம்பியன்ஷிப் மேனேஜர், ஃபுட்பால் மேனேஜர் ஆகியவை இவற்றில் புகழ்பெற்றவை.

பள்ளிக்கூட உதாரணம் ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். முதல் வகையில் நாம் தேர்வு எழுதும் மாணவர். இரண்டாம் வகையில் கால அட்டவணை போடும் தலைமையாசிரியர். ஒரே ஆட்டத்துக்குள்ளும் இப்படிப் பல இருக்கைகள் உண்டு. எந்த இருக்கையில் அமர்ந்து ஆடுகிறோம் என்பதைத் தீர்மானிப்பதே ஆட்டமுறை. இளைஞர்கள் இதை 'மோட்' என்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டமுறையும் எதை வெற்றி என்று கணக்கிடுகிறது, எதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வடசென்னைப் பின்னணி

சென்ட்ரலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் இருப்புப்பாதைகள் ஒன்றுகூடிக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் இடம் கொருக்குப்பேட்டை. இதையும் இதைச் சுற்றியுள்ள வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிகளையும் உள்ளடக்கிய வடசென்னையில் கேரம், குத்துச்சண்டை ஆகியவற்றோடு கால்பந்தும் வேரூன்றிய விளையாட்டு. துறைமுகம், இரயில்வே, ஆலைகள் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே இங்கு பெரும்பாலும் பந்து உதைத்தார்கள். பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், சுங்கத்துறை, இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் சொந்த அணிகளை வைத்திருந்தன. ஆகவே, இப்பகுதியில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. நிலையான வேலைக்குச் செல்லும் வழியாகவும் இருந்தது.

வீடியோ கேம் இப்பகுதிக்குப் பெரும்பாலும் கடற்கரை நிலையத்துக்கு எதிரேயுள்ள பர்மா பஜார் வழியாகவே வந்தது எனலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து இரயில் ஏறினால் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் தாண்டி அடுத்த நிறுத்தம் அதுதான். வீட்டில் பிளேஸ்டேஷன் வாங்க இயலாத பிள்ளைகள் மணிக் கணக்கில் காசு கொடுத்து கேம் சென்டர்களில் ஆடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மணிக் கணக்கில் ஆடும் இடத்தில், எதிரே அமர்ந்த நண்பனோடு ஒரு போட்டி ஆடி முடிப்பதே வழக்கம். பல பருவங்கள் நீளும் ஆட்டமுறைக்கு ஆட்டத்தைச் சேமித்துவைக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2-இல் அதற்குத் தனியாக மெமரி கார்டு தேவைப்பட்டது. மேலாளர் ஆட்டத்துக்கோ வீட்டில் ஒரு கணினியும் ஓய்வான இரவுகளும் வேண்டும். எனவே ஒருவர் எந்த ஆட்டமுறையை முதலில் அறிந்தார் என்பதை விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை. கைக்கு எட்டிய கருவியும் முடிவு செய்தது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அதன் பிறகு மலிவான கைப்பேசிகள் பரவின. ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் ஆட்டமுறையை முன்னுக்குக் கொண்டுவந்தது.

மேலாளர் ஆட்டங்களின் தோற்றம்

பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்குப் பிறகே மேலாளர் ஆட்டங்கள் புகழ்பெற்றிருக்கும் என்று பலர் எண்ணலாம். ஆனால் இங்கிலாந்தைச் சேர்ந்த கெவின் டாம்ஸ் 1982-லேயே ஃபுட்பால் மேனேஜர் என்னும் ஆட்டத்தை வெளியிட்டுவிட்டார். அன்றைய வீட்டுக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. இருபத்திரண்டு வீரர்களை இயல்பாக ஓடவிடுவது அவற்றுக்குக் கடினம். எண்களையும் பெயர்களையும் கையாள்வது எளிது. மேலாளர் ஆட்டம் இவ்வளவு முன்பே வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய சாம்பியன்ஷிப் மேனேஜர் 1992-இல் வந்தது. போட்டி முழுவதும் எழுத்து வர்ணனையாகவே ஓடும். வானொலியில் வர்ணனை கேட்ட தலைமுறைக்கு இதன் ஈர்ப்பு புரியும்: காட்சி இல்லாததால் கற்பனை கூடுகிறது. இந்த வரிசையில் மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் காட்சி 2003-இல்தான் சேர்ந்தது. வெளியீட்டு நிறுவனத்திடமிருந்து பிரிந்த உருவாக்குநர்கள் 2004-இல் ஃபுட்பால் மேனேஜர் 2005 என்ற புதிய பெயரில் தொடர்ந்தனர். முப்பரிமாணக் காட்சி அதன் 2009-ஆம் பதிப்பில் வந்தது.

பந்தை உதைக்கும் ஆட்டங்கள்

இப்பக்கத்தில் கிக் ஆஃப் 1989-லும், சென்சிபிள் சாக்கர் 1992-லும், ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர் 1993 இறுதியிலும் வெளிவந்தன. தொடக்கத்தில் இவற்றின் ஆட்டமுறைகள் மிகச் சில: நட்புப் போட்டி, கோப்பைத் தொடர், லீக் தொடர். தொடர் முடிந்தால் எல்லாம் முடிந்தது. வீரருக்கு வயது ஏறாது, ஒப்பந்தம் தீராது, அடுத்த ஆண்டு என்பதே கிடையாது.

இரு வகைகளும் கலந்த இடம்

மேலாளர் ஆட்டத்தில் இருந்த 'அடுத்த ஆண்டு' என்பதைப் பந்து உதைக்கும் ஆட்டத்துக்குள் கொண்டுவர முயன்றவற்றில் டினோ டினியின் பிளேயர் மேனேஜர் (1990) முன்னோடி. இதில் விளையாடுபவரே வீரர், அவரே மேலாளர். சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கர் (1994) இதைப் பெரிதாக்கியது. உலகெங்கும் உள்ள சுமார் 1,500 அணிகளையும் 27,000 வீரர்களையும் கொண்ட இதில் 20 பருவங்கள் வரை மேலாளராக இருந்துகொண்டே ஒவ்வொரு போட்டியையும் ஆடலாம். அமெரிக்காவில் 2007-இல் வரலாற்று முக்கியத்துவம் உடையவை எனப் பத்து வீடியோ கேம்களை அறிஞர் குழு ஒன்று பட்டியலிட்டபோது, அதில் இடம்பெற்ற ஒரே விளையாட்டுத் துறை ஆட்டம் இதுவே.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் தந்த மாஸ்டர் லீக் வேறு பாதையில் சென்றது. காஸ்டோலோ, மினாண்டா போன்ற கற்பனைப் பெயர் கொண்ட சாதாரண வீரர்களுடன் தொடங்கி, வென்று புள்ளி சேர்த்து, மெல்ல மெல்ல அணியை உயர்த்த வேண்டும். கற்பனை வீரர்களின் பெயர்கள் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணம், அவர்களோடு தோற்றுத் தோற்று முன்னேறியதே.

ஃபிஃபா வரிசையில், ஒரே ஒரு வீரராக மட்டும் ஆடும் 'பி எ புரோ' ஃபிஃபா 08-இல் அறிமுகமானது. அதையும் மேலாளர் ஆட்டமுறையையும் இணைத்து 2010-இல் வந்த ஃபிஃபா 11 'கேரியர் மோட்' என்று பெயரிட்டது. ஃபிஃபா 17 இதற்கு ஒரு கதையும் சேர்த்தது: அலெக்ஸ் ஹண்டர் என்னும் இளைஞன் லண்டன் தெருவிலிருந்து பெரிய அரங்குக்குப் போகும் கதை.

அட்டைப் பொதி ஆட்டமுறை

ஃபிஃபா 09-க்கு இணைப்பாக 2009 மார்ச்சில் வந்த அல்டிமேட் டீம், மேற்கண்ட இரண்டிலிருந்தும் வேறுபட்டது. வீரர்கள் இங்கே அட்டைகள். மூடிய பொதியைத் திறந்தால் எந்த அட்டை வரும் என்பது அதிர்ஷ்டம். ஆட்டத்தில் சேர்த்த நாணயத்தாலும் வாங்கலாம். உண்மையான பணத்தாலும் வாங்கலாம். அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் சேர்த்த அணியை அங்கே கொண்டுபோக முடியாது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது சூதாட்டத்தின் சாயல் கொண்டது என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் கூறியது. அதன் விளைவாக 2019 ஜனவரியில் அந்நாட்டில் பொதிக்கான புள்ளிகளை விற்பதை ஆட்ட நிறுவனம் நிறுத்தியது. கொனாமியின் இ-ஃபுட்பால் 2021 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மாஸ்டர் லீக் அதில் இடம்பெறாமல், வீரர்களைச் சேர்த்து அணி அமைப்பதே முதன்மையானது. இன்று கைப்பேசியில் கால்பந்து ஆடத் தொடங்கும் சிறுவர் முதலில் காண்பது பெரும்பாலும் இந்த ஆட்டமுறையைத்தான். பதிவிறக்கம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று பெற்றோர் கருதிவிடக் கூடாது.

மூன்று முறைகளின் ஒப்பீடு

காலம்: நட்புப் போட்டிக்குச் சில நிமிடங்கள் போதும். கேரியர் மோடும் மேலாளர் ஆட்டமும் பல பருவங்கள் நீள்பவை. அட்டைப் பொதி முறைக்கு முடிவே இல்லை. நாள்தோறும் வரச் சொல்லும்.

மதிப்பீடு: ஃபிஃபாவில் வீரருக்கு 99 வரை மதிப்பெண். மேலாளர் ஆட்டத்தில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். அதோடு அவர் எதிர்காலத்தில் எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு மறைவான எண் ஒன்றும் உண்டு. மில்வால் இளையோர் அணியில் இருந்த செர்னோ சாம்பா சாம்பியன்ஷிப் மேனேஜரில் உலகத்தரத்துக்கு வளர்ந்தார். வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை. எனினும் இந்தத் தரவுகளை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம் வீரர்களைத் தேடுவதற்கு ஃபுட்பால் மேனேஜரின் தரவுத்தளத்தைப் பயன்படுத்த 2008-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

தோல்வி: நட்புப் போட்டியில் தோற்றால் மறுபடி ஆடலாம். மேலாளர் ஆட்டத்தில் தோற்றால் வேலை போகும். அட்டைப் பொதி முறையில் தோற்றால், இன்னொரு பொதி வாங்கத் தூண்டும்.

பணம்: மேலாளர் ஆட்டத்தில் வரவுசெலவுத் திட்டம் போட்டு, இருப்பதற்குள் செலவு செய்யக் கற்கிறோம். அட்டைப் பொதி முறையில் செலவாவது நம் வீட்டுப் பணமாகவும் இருக்கலாம்.

இந்தியக் கழகங்கள் திரைக்குள்

இந்தியன் சூப்பர் லீக் 2021-இல் வந்த ஃபிஃபா 22-இல் முதன்முறையாக இடம்பெற்றது. அதே ஆண்டில் அந்த ஆட்டத்தைக் கொண்டு இ-ஐஎஸ்எல் என்னும் மின்விளையாட்டுத் தொடரும் தொடங்கப்பட்டது. சென்னையின் எஃப்சி 2015-லும் 2017–18 பருவத்திலும் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற கழகம். வியாசர்பாடியைச் சேர்ந்த நடுக்கள வீரர் தன்பால் கணேஷ் அந்த இரண்டாவது வெற்றியில் பங்குபெற்றவர். அதாவது, வடசென்னை வீரர் மைதானத்தில் கோப்பையைத் தொட்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே அவருடைய லீக் ஃபிஃபா திரைக்கு வந்து சேர்ந்தது.

இந்த லீக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும் வழக்கமும் இருக்கவில்லை. ஆனால் சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் உள்ளூர் லீக்கில் பல பிரிவுகள் உண்டு. அணிகள் ஏறும், இறங்கும். மேலாளர் ஆட்டங்களில் இங்கிலாந்தின் சிறு ஊர் அணியைக் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே கொண்டுவரும் சுவை உலகறிந்தது. அதே சுவை தமிழில் பேசும் சென்னைக் கழகங்களிலும் இருக்கிறது. திரையில் மட்டும் இல்லை.

விடுபட்ட ஆட்டமுறை

கேரியர் மோடில் ஒரு வீரரின் வாழ்க்கை எப்படிப் போகிறது? சிறிய கழகம், பெரிய கழகம், பரிமாற்றத் தொகை, கோப்பை, ஓய்வு. வடசென்னை வீரரின் வாழ்க்கை வேறு வகை. பகுதி அணியில் ஆடி, லீக் ஆட்டத்தில் பெயர் எடுத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ வங்கியிலோ காவல்துறையிலோ வேலை பெற வேண்டும். பிறகு அந்த நிறுவன அணிக்காக ஆடி, ஆடும் வயது முடிந்ததும் அதே அலுவலகத்தில் பணியைத் தொடர வேண்டும். கடலூரைச் சேர்ந்த இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது.

மேற்சொன்ன ஆட்டங்கள் எவற்றிலும் இந்த வாழ்க்கைக்கு ஆட்டமுறை இல்லை. பணி நியமன ஆணை அவற்றில் கோப்பையாகக் கணக்கிடப்படுவதில்லை. காலில் அடிபட்டால் திரையில் 'ஆறு வாரம்' என்று வரும். கொருக்குப்பேட்டையில் அதே காயம் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வியாகிவிடும். ஆட்டத்தை உருவாக்கியவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் தங்கள் ஊரில் கண்ட கால்பந்தை எழுதினார்கள். நம் ஊரில் கண்டதை நாம் இன்னும் எழுதவில்லை.

கணினி நிரல் கற்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சிக் களம். கெவின் டாம்ஸ் அன்று பயன்படுத்திய கணினியைவிட இன்று ஒரு பள்ளி மாணவியின் கைப்பேசி பன்மடங்கு ஆற்றல் உடையது. தேவையானவை எண்கள், பெயர்கள், விதிகள் மட்டுமே: உள்ளூர்ப் பிரிவுகள், மழையில் தள்ளிப்போகும் போட்டிகள், காலணி வாங்கும் செலவு, தேர்வு நாளில் வரும் அரையிறுதி, ஒதுக்கீட்டு நேர்காணல். இவற்றைக் கொண்டு எழுத்து வடிவிலேயே ஒரு மேலாளர் ஆட்டத்தை உருவாக்கிவிட முடியும். அப்படி ஒன்று வரும்வரை, கேரியர் மோடு காட்டுவது கால்பந்து வாழ்க்கையின் ஒரு வகையை மட்டுமே என்பதை விளையாடும் பிள்ளைகள் அறிந்திருந்தால் போதும்.