சீனாவின் இணையத் தீச்சுவர்

சீன மக்கள் இணையத்தில் எதைப் படிக்கலாம், எதை எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்த அந்நாட்டு அரசு உருவாக்கியுள்ள சட்டங்களும் தொழில்நுட்பங்களும் சேர்ந்த அமைப்பு 'பெருந்தீச்சுவர்' எனப்படுகிறது. கணினி வலையமைப்பில் வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குத் தீச்சுவர் என்று பெயர். சீனப் பெருஞ்சுவரையும் நினைவூட்டும் இப்பெயர், 1997இல் அமெரிக்காவின் வயர்டு இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையின் மூலம் பரவியது.

தொடக்கம்

1994 ஏப்ரல் 20 அன்று, நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள ஓர் இணைப்பின் வழியாகச் சீனா உலக இணையத்துடன் முழுமையாக இணைந்தது. வணிகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இணையம் தேவைப்பட்டது. ஆனால், தியனன்மென் சதுக்கப் போராட்டத்தை இராணுவத்தைக் கொண்டு ஒடுக்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே வாசலைத் திறந்த அரசு காவலையும் விரைவில் அமைத்தது. 1996 பிப்ரவரி ஆணையின்படி, வெளிநாட்டு இணையத் தொடர்புகள் அனைத்தும் அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் வாயில்கள் வழியாகவே செல்ல வேண்டும். வாயில்கள் சிலவாக இருந்ததால் கண்காணிப்பு எளிதாயிற்று. 1998இல் காவல்துறையின் தகவல் வலையமைப்பான 'தங்கக் கேடயம்' திட்டம் தொடங்கியது.

தடுக்கும் முறைகள்

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியைக் கணினி விசாரிக்கிறது. அப்போது தவறான எண்ணைக் கொடுத்துத் திசைதிருப்புவது ஒரு முறை. சரியான எண்ணுக்குச் செல்லும் பாதையை அடைத்துவிடுவது மற்றொரு முறை. கடந்து செல்லும் தரவில் தடைசெய்யப்பட்ட சொல் தென்பட்டால், தொடர்பை முறிக்கச் சொல்லும் போலிச் செய்தியை இரு முனைகளுக்கும் அனுப்புவது மூன்றாவது முறை. பயனருக்குத் தெரிவது ஒரு பிழைச் செய்திதான். அது தடையா பழுதா என்று அவரால் எளிதில் அறிய முடியாது.

நிறுவனங்களே காவலர்கள்

நாட்டுக்குள் எழுதப்படுவதைக் கவனிக்கும் பொறுப்பு நிறுவனங்களின் மீது சுமத்தப்பட்டது. 2000 செப்டம்பர் விதிகளின்படி, தடைசெய்யப்பட்ட செய்தியைக் கண்டால் அவை உடனே நிறுத்த வேண்டும். பதிவுகளை 60 நாள் வைத்திருந்து, அதிகாரிகள் கேட்டால் தர வேண்டும்.

இதன் விளைவை ஷி தாவ் என்ற பத்திரிகையாளரின் வழக்கு காட்டியது. தியனன்மென் நிகழ்வின் 15ஆம் ஆண்டு தொடர்பாக 2004இல் ஊடகங்களுக்கு வந்த அரசு அறிவுறுத்தலை அவர் மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினார். யாகூ நிறுவனம் தந்த கணக்கு விவரங்கள் அவருக்கு எதிரான சான்றாயின. 2005இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் யாகூ தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஷி தாவ் 2013இல்தான் விடுதலையானார்.

இறுகிய பிடி

2009 ஜூலையில் உரும்சி நகரில் கலவரம் வெடித்தபின் ஃபேஸ்புக், ட்விட்டர் இரண்டும் தடுக்கப்பட்டன. ஷின்ஜியாங் பகுதி முழுவதும் ஏறத்தாழ பத்து மாதங்கள் இணையத் தொடர்பின்றி இருந்தது. 2017 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், உண்மைப் பெயரைப் பதிந்தவர்களுக்கே சேவை வழங்க வேண்டும் என்றது. எழுதியவர் யார் என்பது தெரியும் என்ற எண்ணமே பலரது கையைக் கட்டிவிடும்.

அந்த அச்சத்தின் விலை 2019 இறுதியில் வெளிப்பட்டது. வூஹான் நகரக் கண் மருத்துவர் லீ வென்லியாங், சார்ஸ் போன்ற நோய் பரவுவதாக டிசம்பர் 30 அன்று வீசாட் குழுவில் உடன்படித்த மருத்துவர்களை எச்சரித்தார். வதந்தி பரப்பியதாகக் கூறி, ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினர். அதே நோய் தாக்கி 2020 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தார். அந்தக் கண்டனத்தைக் காவல்துறை மார்ச் மாதத்தில் திரும்பப் பெற்றது. குடிமக்களின் வாயை அடைக்கும் அரசு, தான் கேட்டாக வேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாக நிற்கிறது.