யாழ்ப்பாணத்து ஓவியக் காட்சிகளும் ஒரு தோம்பும்

யாழ்ப்பாணத்தில் ஓவியக் காட்சி என்பது நெடுங்காலமாகப் பாடசாலை ஆசிரியர்களின் முயற்சியாகவே இருந்தது. சித்திர வித்தியாதரிசியான எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடக்கினார். இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. எவ். வின்சரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்வந்தவர்களில் குருநகர் தந்த அ. மாற்கு முக்கியமானவர். அவரிடம் பயின்றவர்களில் பெண்கள் பலர். 1995 இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்கள் பல அழிந்தன. 2000இல் அவரும் மறைந்தார்.

அந்த 1995 ஒக்டோபரில் நாம் உயர்தர வகுப்பை எட்டாத பிள்ளைகள். சித்திரக் கொப்பிகளைச் சுமந்துகொண்டு கைதடிப் பாலம் கடந்தவர் எம்மில் எவருமில்லை. பிறப்புச் சான்றிதழ், உறுதி, நகை, அரிசி. இவ்வளவுதான் பைகளில் இருந்தன.

யாழ் பல்கலைக்கழக நுண்கலைத்துறையில் கற்பிக்கும் தா. சனாதனனின் பணி எமக்கு நெருக்கமாவது இதனால்தான். 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ் பொது நூலகத்தில் 2004இல் நடந்த காட்சியில், அவர் வீடு வீடாகச் சேகரித்த பொருள்களையே காட்சிக்கு வைத்தார். தூரிகை தொடாத காட்சி. இதுவும் ஓவியமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். எமக்கு அந்தக் கேள்வி பெரிதல்ல. நூல்கள் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்கள் சரித்திரமாக வந்து நின்றன, அது போதும். 2010இல் வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அரும்பொருளகத்தில் நடந்த காட்சிக்கு, அங்கு வாழும் எம்மவரின் ஊர் நினைவுகளைக் கொண்டு ஒரு படைப்பைச் செய்தார்.

2011இல் வெளிவந்த ‘முடிவுறாத தோம்பு’ அவற்றின் தொடர்ச்சி. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு, என்ன வரி என்று ஆள்பவன் கேட்டு எழுதியது. சனாதனன் கேட்டது வேறு. இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். ஒவ்வொரு படத்தோடும் கட்டடக் கலைஞரின் அளவான வரைபும் அவருடைய சொந்தச் சித்திரமும் சேர்ந்து வருகின்றன. கோணலான கோடு நேராகும்போது எதுவோ தொலைந்துபோவதை நாம் ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்தோம்.

வைத்தியர்களாகிய எமக்கு இம்முறை புதிதல்ல. “எந்த வருசம் சத்திரசிகிச்சை செய்தது அம்மா?” என்றால், “இடம்பெயர முந்தி, மூத்தவள் ஓஎல் எடுத்த வருசம்” என்றே பதில் வரும். மறதிநோய் தொடங்கிய தாய்மாரும் காலை என்ன சாப்பிட்டோம் என்பதை மறப்பார்கள். கிணத்தடி எந்தப் பக்கம், குசினிக் கதவு எங்கே திறக்கும், வேலியோரத்து முருங்கை எது என்பவற்றைச் சொல்லுவார்கள். ஆனால் அதுவும் ஒரு கட்டம் வரைதான். பிறகு அதையும் கேட்டு அறிய முடியாது.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் பலர் கண்டது பற்றைக்காடும் அத்திவாரமும் மட்டுமே. உறுதியில் பரப்பும் எல்லையும் உண்டு, விறாந்தை இல்லை.

ஆதலால் ரொறன்ரோ, இலண்டன், சிட்னி, கொழும்பு எங்கிருப்பினும் பழைய மாணவியர் தம் தாயாரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டைக் கீறுவிக்க வேண்டுகிறோம். அடிமட்டம் வேண்டாம். பின்பக்கத்தில் ஊர்ப்பெயரும் விட்டுவந்த ஆண்டும் எழுதி, அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டு வாருங்கள்.