கைகாட்டிக் கம்பியும் விமானக் கணிப்பொறியும்



என் இளமைக் காலம் விழுப்புரம் சந்திப்பின் அருகே கழிந்தது. திண்டிவனம் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாகச் சிறு உருளைகளின்மேல் எஃகுக் கம்பிகள் ஓடும். கேபினில் ஒருவர் வலிமையெல்லாம் கூட்டி லீவரை இழுப்பார். தொலைவிலுள்ள கைகாட்டி இறங்கும். முரணான இரு லீவர்களை ஒருங்கே இழுக்க முயன்றால், உள்ளிருக்கும் பூட்டு இடங்கொடாது. கம்பி அறுந்தாலோ, லீவர் இலகுவாக வந்துவிடும். இழுத்தவர் கை அதனை உடனே அறியும்.

பழைய ஆகாய விமானங்களும் இவ்வாறே இயங்கின. விமானியின் கையசைவை எஃகு வடங்கள் வால்வரை கொண்டு சென்றன. விமானம் பெருத்தபோது, எண்ணெயழுத்தத்தால் இயங்கும் கருவிகள் துணைக்கு வந்தன. 1969இல் பறந்த கான்கார்டில் வடத்தின் வேலையை மின்சாரம் ஏற்றது. 1987 பிப்ரவரி 22 அன்று முதன்முதல் பறந்த ஏர்பஸ் ஏ320, இப்பொறுப்பை எண்முறைக் கணிப்பொறிகளிடம் ஒப்படைத்த முதற் பயணி விமானமாயிற்று. இம்முறைக்கு ‘ஃப்ளை பை வயர்’ என்று பெயர். வடம் போய் மின்கம்பி வந்ததென்று மட்டும் கொண்டால், செய்தியில் பாதியை இழந்தவராவோம்.

விமானியின் கையசைவைக் கணிப்பொறி முதலில் வாங்கிக்கொள்கிறது. வேகம், சாய்வு, இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஆகியவற்றை நோக்கி, எப்பலகையை எவ்வளவு திருப்புவதெனக் கணிக்கிறது. இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும் அளவுக்கு விமானி மூக்கை உயர்த்தினால், கேபின் பூட்டைப் போல் மறுத்துவிடும். ஒரே பிழை யாவற்றையும் வீழ்த்தாதிருக்க, இரு வகையான ஐந்து கணிப்பொறிகளைத் தனித்தனிக் குழுவினர் ஆக்கினர்.

இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இல் இவ்விமானங்களைப் பெற்றது. 1990 பிப்ரவரி 14 அன்று, பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த ஒன்று ஓடுபாதையை எட்டுமுன் கோல்ஃப் மைதானத்தில் வீழ்ந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். கணிப்பொறியே கொன்றதோ என்ற ஐயம் எழுந்தது. அரசு அவ்வகை விமானங்களைத் தரையில் நிறுத்திவைத்தது. விசாரணை காட்டியது வேறு. என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் ஓட, வேகம் சரிந்ததை விமானிகள் காலத்தில் காணவில்லை. விசையைக் கூட்டியபோது, என்ஜின்கள் முழு ஆற்றல் பெற வேண்டிய சில நொடிகள் எஞ்சவில்லை. தவறான அசைவைப் பூட்டு தடுக்கலாம். இழந்த உயரத்தை அதனால் தரவியலுமா?

எனினும் பழியனைத்தையும் விமானிகள்மேல் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. ஏ320இல் தானியங்கி முறை என்ஜின் விசையைக் குறைத்தாலும் கூட்டினாலும், விமானியின் கைக்கருகிலுள்ள லீவர் அசைவதில்லை. வேகம் திரையில் தெரியும். கைக்குச் செய்தி வாராது. விழுப்புரம் கேபின்காரருக்கு அறுந்த கம்பி தந்த அறிவிப்பை இங்கே எதிர்பார்க்க வழியில்லை.

1994இல் முதன்முதல் பறந்த போயிங் 777உம் மின்வழி விமானமே. ஆயினும் அதனை ஆக்கியோர், விசை மாறும்போது லீவர் தானே நகருமாறும், பிடி விமானியின் கைக்கு எதிர்ப்புக் காட்டுமாறும் அமைத்தனர்.