கடித்தது நாய், பொறுப்பு யாருடையது?

தோற்றுவாய்

ஒருவரை நாய் கடித்துவிட்டால், அந்த நாய் யாருடையது என்று கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த நாய் அரசாங்கத்தின் நாயாக இருந்து, கடிபட்டவர் எக்குற்றமும் செய்யாமல் தெருவோரம் நின்றவராக இருந்தால் யாரைக் கேட்பது? வாரைப் பிடித்திருந்த காவலரையா? அவருக்கு ஆணையிட்ட அதிகாரியையா? அவ்வதிகாரியைப் பதவியில் அமர்த்திய நகரத்தையா? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள பர்மிங்ஹாம் என்னும் நகரத்தில் 1963ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை நாம் ஆராய வேண்டும்.

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டுப் போலீஸ் நாய்களைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று நம் இளைஞர் சிலர் எண்ணக்கூடும். அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு எண்ணவில்லை. அவர் 1946ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படியொன்றைக் கேட்டார். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் நம்மைப் போன்றோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றுக்குச் சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அப்பள்ளித் தலைவர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் திகைத்த கிங், பின்னர் அது உண்மையே என்று தம் மனம் ஏற்றதை 1965ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் எடுத்துரைத்தார். ஆகவே அவர்கள் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

வேட்டை நாயும் போலீஸ் நாயும்

அமெரிக்கத் தென்பகுதியில், தப்பியோடும் அடிமைகளைப் பிடிப்பதற்கென்றே வேட்டை நாய்கள் வளர்க்கப்பட்டன. சுதந்திர மனிதராகப் பிறந்தும் 1841இல் கடத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக உழன்ற சாலமன் நார்த்தப், 1853இல் வெளியிட்ட தம் வரலாற்றில், நாய்கள் தம்மைத் துரத்தியதையும், சதுப்பு நிலத்து நீரில் இறங்கி அவற்றிடமிருந்து தப்பியதையும் எழுதியுள்ளார். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. எனினும் நாயின் குரைப்பைப் பற்றிய அச்சம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வாய்மொழியாக வந்துகொண்டே இருந்தது.

காவல்துறைக்கென நாய்களைப் பழக்கும் முறை 1899இல் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரத்தில் ஒழுங்குபெற்றது. அமெரிக்காவில் 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் முதலிய நகரங்கள் இம்முறையைப் புத்துயிர் கொடுத்து வளர்த்தன. காணாமற்போனவரைத் தேடவும், ஒளிந்திருக்கும் திருடனைக் கண்டுபிடிக்கவும், வெடிமருந்தை முகர்ந்தறியவும் நாய் பெருந்துணை புரிகிறது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் ஆளைக் கடித்துப் பிடிக்கப் பழக்கப்பட்ட நாயின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஓடுபவனையும் கையை வீசுபவனையும் அது பாய்ந்து பற்றும். விடு என்ற கட்டளை வரும்வரை பல்லைத் தளர்த்தாது. எதிரில் ஒருவன் மட்டும் இருக்கும்போது இப்பயிற்சி ஓரளவு கட்டுக்குள் நிற்கும். நூற்றுக்கணக்கானோர் கூடி, கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் இடத்தில், எவர் குற்றவாளி, எவர் வழிப்போக்கர் என்று நாய் எப்படி அறியும்? அதற்குச் சட்டப் புத்தகம் தெரியாது. அசைபவர் எல்லாரும் அதற்கு ஒன்றே.

பர்மிங்ஹாம் நகரம்

அலபாமா மாநிலத்தின் பெரிய தொழில் நகரம் பர்மிங்ஹாம். அங்கு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தார். உணவு விடுதி, பூங்கா, பள்ளி, குடிநீர்க் குழாய் அனைத்திலும் நிறவேற்றுமை கோலோச்சியது. வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தாரின் பங்கு மிகச் சிறியது. காவல்துறையிலோ 1966ஆம் ஆண்டு வரை கறுப்பினக் காவலர் ஒருவர்கூட இல்லை.

காவல்துறையும் தீயணைப்புத் துறையும் பொதுப் பாதுகாப்பு ஆணையர் யூஜின் கானர் என்பவரின் கையில் இருந்தன. ‘காளை’ என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட இவர், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1937 முதல் அப்பதவியை வகித்தவர். 1961ஆம் ஆண்டு மே மாதம், பேருந்துகளில் நிறவேற்றுமையை எதிர்த்துப் பயணம் வந்தவர்களை நகரப் பேருந்து நிலையத்தில் வன்முறைக் கும்பல் தாக்கியபோது, போலீசார் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே காவல்துறை, பள்ளிப் பிள்ளைகளை எதிர்கொள்ள நாய்களோடு வந்து நின்றது. எப்போது வராமலிருப்பது, எப்போது எதனோடு வருவது என்பவை எல்லாம் ஓர் அலுவலகத்தில் முடிவு செய்யப்பட்டவையே.

1963 ஏப்ரல் 3ஆம் நாள் பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் தலைமையில் அறப்போராட்டம் தொடங்கிற்று. ஏப்ரல் 7ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, ஊர்வலம் சென்றவர் சிலரே. கூடி நின்று பார்த்தவர் பலர். அன்று போலீஸ் நாயிடம் சிக்கிய ஒருவர் பார்வையாளர் கூட்டத்தில் நின்றவர். மே 2ஆம் நாள் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து பள்ளி மாணவர்கள் அணி அணியாக வெளியே வந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். சிறைகள் நிறைந்தன.

ஓரத்தில் நின்ற மாணவன்

மறுநாள், மே 3ஆம் நாள், கைது செய்து அடைக்க இடமில்லாத நிலையில், கூட்டத்தைத் தடுத்துக் கலைக்க நீர்க்குழாய்களும் நாய்களும் வரவழைக்கப்பட்டன. மனிதரைத் தரையில் உருட்டிச் செல்லும் வேகத்தோடு நீர் பீய்ச்சப்பட்டது. எதிரே இருந்த கெல்லி இங்ரம் பூங்காவிலும் நடைபாதையிலும் திரண்டு நின்ற பார்வையாளர்களிடையே சிலர் கல்லும் புட்டியும் எறிந்தனர் என்பதும் உண்மை. நாய்கள் அக்கூட்டத்தினுள் கொண்டுசெல்லப்பட்டன. எறிந்தவர், எறியாதவர் என்ற வேறுபாடு அத்துடன் மறைந்தது.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் பில் ஹட்சன் அன்று எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. கறுப்புக் கண்ணாடி அணிந்த காவலர் ஒருவர், ஒரு கையால் கறுப்பின மாணவன் ஒருவனின் சட்டையைப் பற்றியிருக்கிறார். மறு கையில் நாயின் வார். நாய் அவன் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. மறுநாள் இப்படம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. அதைக் கண்டு தமக்குக் குமட்டல் எடுத்தது என்று குடியரசுத் தலைவர் கென்னடி தம்மைக் காண வந்தவர்களிடம் கூறினார்.

அம்மாணவனைப் போராட்டக்காரன் என்றே உலகம் கருதியது. உண்மையில் அவன் ஊர்வலத்தில் சேர்ந்தவன் அல்லன். வேடிக்கை பார்க்க வந்தவன். பின்னாளில் ஆய்வாளர் சிலர், அக்காவலர் நாயை ஏவவில்லை, பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தார் என்றும் வாதிட்டனர். இவ்வாதம் சரியா தவறா என்று ஒரு நொடிப் படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆனால் அவ்வாதம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அதனால் பொறுப்பு நீங்கிவிடுமா? நாயை இழுத்துப் பிடிக்க வேண்டிய நிலை எதனால் வந்தது? பிள்ளைகளும் பார்வையாளரும் நெருக்கியடித்து நின்ற இடத்துக்கு, கடிக்கப் பழக்கிய நாயைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ததால் வந்தது. பல் பதிந்த நொடியில் பொறுப்பைத் தேடினால் நாயும் ஒரு காவலருமே நம் கண்ணில் படுவர். நாயை வண்டியிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்து தேடினால் ஆணையிட்டவர் தெரிவார். அவருக்கு அப்பதவியைத் தந்த ஆட்சி முறை தெரியும். அம்முறையை மாற்ற முடியாதபடி வாக்குரிமை மறுக்கப்பட்ட மக்களும் தெரிவர். இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

சட்டம் நடந்து வந்த தூரம்

கடிபட்ட பார்வையாளர் ஒருவர் 1963இல் வழக்குத் தொடுக்க விரும்பியிருந்தால் சட்டம் அவருக்கு என்ன தந்தது? அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரின் உரிமையைப் பறிப்பவர்மீது வழக்குத் தொடுக்க 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடமளித்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டளவில் உறங்கிக் கிடந்தது. 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு உயிரூட்டியது. ஆயினும் காவலர்மீது வழக்குத் தொடுக்கலாம், நகராட்சியின்மீது அச்சட்டத்தின்படி தொடுக்க இயலாது என்று கூறிவிட்டது. அதாவது வாரைப் பிடித்தவர் அகப்படுவார். அவரை அனுப்பிய நகரம் தப்பிவிடும். 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் அந்நிலையை மாற்றி, நகராட்சியின் கொள்கையாலோ வழக்கத்தாலோ தீங்கு விளைந்தால் நகராட்சியே பதில் சொல்ல வேண்டும் என்றது.

இதன் பயன் 1989இல் தெரிந்தது. புளோரிடா மாநிலத்தின் வெஸ்ட் பாம் பீச் நகரத்தில் போலீஸ் நாய்களால் பலர் கடிபட்ட வழக்கில், நாய்ப் பிரிவுக்கு ஏற்ற பயிற்சியும் மேற்பார்வையும் அளிக்கத் தவறியதற்கு நகரமே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நாய் கடித்ததைப் பதிவு செய்யாமலும், பதிவுகளை ஆராயாமலும், கட்டுப்பாடற்ற நாயைத் திருத்தாமலும் விடுவது ஓர் அலுவலகத்தின் குற்றம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

எனினும் அதே 1989இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே ஒருவரைத் தடுத்து நிறுத்தினால்தான் அது அரசியல் சட்டம் கூறும் ‘பிடித்தல்’ ஆகும் என்று விளக்கியது. இவ்விளக்கத்தால், கள்வனைப் பிடிக்க ஏவிய நாய் தவறுதலாக அண்டை வீட்டாரைக் கடித்துவிட்டது என்று அரசுத் தரப்பு தப்பிக்க வழி ஏற்பட்டது. முற்றிலும் குற்றமற்றவருக்கு, குற்றவாளிக்கு உள்ள வழிகூட அடைபடலாம் என்பது எத்தகைய முரண்பாடு!

கலிபோர்னியா மாநிலச் சட்டம் இவ்விடத்தில் நல்லதொரு வழியைக் காட்டுகிறது. அங்கு நாய் கடித்தால் அதன் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும். காவல்துறைக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் நாயை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு எழுத்து வடிவில் நெறிமுறை வகுத்திருந்தால் மட்டுமே அவ்விலக்கு செல்லும். மேலும், நாயை வரவழைத்த நிகழ்ச்சியில் பங்கு கொள்ளாதவரும், பங்கு கொண்டதாக ஐயுறப்படாதவருமான ஒருவர் கடிபட்டால் அவ்விலக்கு செல்லாது. ஒதுங்கி நின்றவரை ஒதுங்கி நின்றவராகவே மதிக்கும் சட்டம் இது.

பதிவேடு பேசுகிறது

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். மிசௌரி மாநிலத்தின் பெர்குசன் நகரக் காவல்துறையை ஆராய்ந்த அமெரிக்க நீதித்துறை 2015இல் வெளியிட்ட அறிக்கையில், கடிபட்டவரின் இனம் பதிவாகியிருந்த ஒவ்வொரு நாய்க்கடி நிகழ்ச்சியிலும் அவர் கறுப்பினத்தவராகவே இருந்தார் என்று கண்டது. போலீஸ் நாய்களால் விளைந்த காயங்களை நாடெங்கும் ஆராய்ந்து எழுதிய செய்தி நிறுவனங்களுக்கு 2021இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவற்றுள் ஒன்று அலபாமா மாநிலத்துச் செய்தி நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. நாய்க்குத் தோல் நிறம் பார்த்துக் கடிக்கும் அறிவு இல்லை. எந்தத் தெருவுக்கு நாயை அனுப்புவது என்று தீர்மானிப்பவர் மனிதர். இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது பதிவேடு. பதிவு இல்லாத இடத்தில் ஒவ்வொரு கடியும் தனித்தனி விபத்தாகவே தோன்றி மறைந்திருக்கும்.

நாம் கற்க வேண்டியவை

பர்மிங்ஹாம் போராட்டம் 1963 மே 10ஆம் நாள் உடன்பாட்டில் முடிந்தது. மே 23ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கானர் பதவி இழந்தார். வெறியர்கள் செப்டம்பர் 15ஆம் நாள் அதே தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்றனர். வெற்றிக்கு அம்மக்கள் கொடுத்த விலை அது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1966இல் முதற் கறுப்பினக் காவலர் அந்நகரில் பணியேற்றார். 1979இல் ரிச்சர்ட் ஆரிங்டன் முதற் கறுப்பின மேயராகத் தேர்வானார். இன்று கெல்லி இங்ரம் பூங்காவில், பாயும் நாயையும் காவலரையும் மாணவனையும் காட்டும் சிலை நிற்கிறது. வேறோர் இடத்தில், நடைபாதையின் இருபுறமும் சுவரிலிருந்து நாய்கள் சீறிப் பாய்வது போன்ற சிற்பம் உண்டு. பூங்காவுக்கு வருவோர் அவற்றின் நடுவே நடந்து செல்லலாம்.

இளைஞர்களே! அதிகாரம் கைநழுவித் தீங்கு செய்யும்போது, ‘விபத்து’ என்ற சொல் முதலில் வந்து நிற்கும். அச்சொல்லைக் கேட்டவுடன் திரும்பிவிடாதீர்கள். அந்தக் கருவியை அங்கே கொண்டுவர ஆணையிட்டவர் யார்? அதற்கு எழுதப்பட்ட விதி உண்டா? கையாண்டவர் பயிற்சி பெற்றவரா? நடந்தது பதிவேட்டில் ஏறியதா? பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவது யார்? இவ்வைந்து வினாக்களையும் நிதானமாக, எழுத்து வடிவில், உரிய அலுவலரிடம் கேட்கும் ஆற்றல் படைத்த இளைஞன் ஒரு தெருவுக்கு ஒருவன் இருந்தால் போதும். அத்தெருவை எவரும் எளிதில் அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

வினாக் கேட்கும் இடத்தில் மட்டும் நாம் நின்றுவிடவும் கூடாது. ஆணை பிறப்பிக்கும் மேசையிலும், விதி எழுதும் அவையிலும், தீர்ப்புக் கூறும் மன்றத்திலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். காவல்துறையில் சேரும் நம் பிள்ளை, தன் கையில் உள்ள வாரின் நீளத்தையும் தன் பொறுப்பின் எல்லையையும் அறிந்தவனாக இருக்க வேண்டும். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வந்திருப்பது இதற்காகவே. படியுங்கள், பதிவு செய்யுங்கள், கேளுங்கள், பொறுப்பு உங்கள் கைக்கு வரும் நாளில் அதை மறவாதிருங்கள்.