கம்பியாளும் காகிதமும்: பீன்யாவின் மின்பணியாளர்கள் வந்த வழி

சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி ஓடி, 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கவயலை அடைந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. திவான் சேஷாத்ரி ஐயரின் பெயரும் பொறியாளர் லோத்பினியேரின் பெயரும் இவ்வரலாற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. கம்பம் ஏறியவர்களும் சுரங்கத்துள் கம்பி இழுத்தவர்களும் பெயரின்றிக் கரைந்துபோயினர். அவர்களுக்குப் பள்ளி இல்லை, சான்றிதழ் இல்லை. மூத்தவர் கையைப் பார்த்து இளையவர் கற்றார்.

கல்வி முதலில் வந்தது மேலிருந்துதான். 1911இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் பாடம் நடத்தத் தொடங்கியபோது, மின்தொழில்நுட்பம் அதன் முதல் துறைகளுள் ஒன்று. பொறியாளரை உருவாக்க நிறுவனம் பிறந்து பல்லாண்டுகள் கழிந்தபின்பே தொழிலாளியின் முறை வந்தது. 1943இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் பெங்களூரில் எழுந்த ஜெயசாமராஜேந்திர தொழிற்பயிற்சி நிலையம் அவ்வகையில் முன்னோடி. 1950இல் இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது, ஐ.டி.ஐ. என்ற மூன்றெழுத்து ஊர்ப்புறங்களிலும் புழங்கலாயிற்று.

அத்திட்டத்தில் எலக்ட்ரீசியன், வயர்மேன் என இரு பிரிவுகள் உண்டு. இரண்டும் ஈராண்டுப் படிப்பு. முன்னதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பின்னதற்கு எட்டாம் வகுப்பு போதும். தமிழில் முன்னவர் ‘மின்பணியாளர்’, பின்னவர் ‘கம்பியாள்’. ஒருவருக்கு ‘ஆளர்’ என்னும் மதிப்பு விகுதி, மற்றவருக்கு வெறும் ‘ஆள்’. ஆங்கிலச் சொல்லின் ‘மேன்’ என்பதை நேராகப் பெயர்த்ததால் நேர்ந்தது என்று இதற்குச் சமாதானம் கூறலாம்; கூலியில் தெரியும் வேறுபாட்டுக்கு அச்சமாதானம் பொருந்தாது.

படிப்பு ஒருபுறமிருக்க, வேலை செய்யும் உரிமை வேறொரு காகிதத்தில் இருந்தது. 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் 1956இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 45ஆம் விதி இங்கே முக்கியமானது. மின்னமைப்புப் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஏற்கவேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் நேரடியாக மேற்பார்க்கவேண்டும். மாநில அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதிச் சீட்டு உடையவர் செய்யவேண்டும். பல்பு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை மாற்றும் சிறுபணிகளுக்கு மட்டும், அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவரை, விலக்கு உண்டு. சட்டம் வீட்டுக்காரருக்காகத் திறந்துவைத்த அச்சிறு வாசல் வழியாகவே எத்தனையோ பையன்கள் இத்தொழிலுக்குள் நுழைந்தனர். 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகளிலும் இவ்விதியின் சாரம் தொடர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் பீன்யாவைப் பார்க்கவேண்டும். 1970களின் இறுதியில் தும்கூர் சாலையை ஒட்டித் தொழிற்பேட்டை உருவானபோது, பயிற்றுநர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சியளிக்கும் ஃபோர்மன் பயிற்சி நிலையம் அதே சாலையில் ஏற்கெனவே இயங்கிவந்தது. எச்.எம்.டி., பாரத் எலக்ட்ரானிக்ஸ், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை முதலிய பொதுத்துறை ஆலைகள் தொழிற்பழகுநர்களை எடுத்துப் பழக்கின. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. ஆனால் பீன்யா பேராலைகளின் ஊரன்று. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை பார்க்கும் கூடங்களின் ஊர். மோட்டாருக்குச் சுருள் சுற்றுவோர், கட்டுப்பாட்டுப் பலகை கட்டுவோர், கடைசல் இயந்திரத்துக்கு இணைப்புக் கொடுப்போர் எனப் பலர் இங்கே உண்டு. 2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமே பழகுநரைக் கட்டாயம் எடுக்கவேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். விரும்பாத கூடத்தில் அதே பையன், அதே மேசையில், அதே வேலையைக் கற்கிறான். அவனுக்குப் பெயர் மட்டும் ‘ஹெல்ப்பர்’. ஆண்டுகள் ஓடியபின் பழகுநரிடம் தேசியச் சான்றிதழ் இருக்கும். ஹெல்ப்பரிடம் கைத்திறன் மட்டும் இருக்கும்.

தமிழ்நாடு அவ்வகையினருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்பது அதன் பெயர். 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவம் பெற்றவர் ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காமலே அதை எழுதலாம். பள்ளிக்கு வெளியே கற்ற கையை அரசு அங்கீகரிக்கும் அரிய ஏற்பாடு இது. இதன் பெருமை போதிய அளவு பேசப்படவில்லை.

சிக்கல் ஓசூருக்கு அப்பால் தொடங்குகிறது. ஐ.டி.ஐ.யின் தேசியத் தொழிற்சான்றிதழ் இந்தியா முழுதும் செல்லும். கம்பியாள் அனுமதியோ மாநிலத்தின் சொத்து. கர்நாடகத்தில் அதற்குரியது அம்மாநில மின் ஆய்வுத்துறை. ‘மாநில அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட’ என்ற தொடரில், தருமபுரியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வருபவரின் எதிர்காலம் முழுவதும் ‘ஏற்றுக்கொண்ட’ என்னும் ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. ஒருகாலத்தில் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடுவே ஓடிய எல்லைக்கோட்டைத் தங்கவயலுக்குப் போன வட ஆர்க்காட்டுத் தொழிலாளர்கள் காகிதமின்றிக் கடந்தார்கள். அவர்களின் பேரர்கள் பீன்யாவின் இரண்டாம் கட்டத்தில் பலகை கட்டி முடிக்கிறார்கள். பணிநிறைவு அறிக்கையில் கையொப்பமிட, அனுமதி உள்ள இன்னொருவர் வருகிறார்.