நடிகையிலிருந்து தயாரிப்பாளராக: ராதிகாவின் தொலைக்காட்சிப் பயணம் குறித்து

கதாநாயகி வயதைக் கடந்த நடிகையர் ஒதுங்கும் இடமே தொலைக்காட்சி என்னும் கருத்து, தமிழ்த் திரை வரலாறு பற்றிய பேச்சில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. ராதிகாவின் தொழில்வாழ்வு அவ்வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை.

எம். ஆர். ராதாவின் மகளான அவர், பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) வழியாக அறிமுகமானார். தெலுங்கில் கே. விசுவநாத்தின் ‘சுவாதி முத்யம்’ (1986) முதலிய படங்கள் தமிழகத்துக்கு வெளியேயும் அவரை நிலைநிறுத்தின. எனினும் நம் நோக்கில் முதன்மையானது ‘மீண்டும் ஒரு காதல் கதை’ (1985). பிரதாப் போத்தன் இயக்கிய அப்படத்தைத் தயாரித்தவர் ராதிகா. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருதும் அதற்குக் கிடைத்தது. நாயகியாக நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தயாரிப்பில் இறங்கிய ஒருவரை, வாய்ப்பிழந்து சின்னத்திரைக்கு வந்தவர் என்பது காலவரிசைக்கே பொருந்தாது.

சன் தொலைக்காட்சி தொடங்கிய 1993இல்தான் ‘கிழக்குச் சீமையிலே’ வெளியானது. அதில் அவர் ஏற்ற விருமாயி, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே சிக்கியவள். இம்முரணே பின்னர் நெடுந்தொடர்களின் மூலச்சரக்காயிற்று.

1999 இறுதியில் தொடங்கி 2001 வரை ஒளிபரப்பான ‘சித்தி’யை அவரது ராடான் நிறுவனம் தயாரித்தது. கதைகளில் கொடுமைக்காரியாகவே வந்துகொண்டிருந்த மாற்றாந்தாயை அத்தொடர் பரிவுடையவளாக்கியது. கதையின் புதுமை பேசப்பட்ட அளவுக்கு அதன் கணக்கேடு பேசப்படவில்லை. அக்கால ஏற்பாட்டின்படி, தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி ஒளிபரப்பு நேரத்தைப் பெறுவார். அந்நேரத்துக்குரிய விளம்பரங்களை விற்று வருவாய் ஈட்டுவார். இழப்பு நேர்ந்தால் அதுவும் அவருடையதே. ஆகவே ராதிகா ஊதியம் பெறும் நடிகை மட்டுமல்லர், விளம்பர நேரத்தை விற்கும் வணிகரும் ஆவார். திரைப்படத்தில் நடிகையின் மதிப்பைக் குறைத்த வயது, இங்கு வீடுதோறும் பழகிய முகமாகி முதலீடாயிற்று. ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என 2018 வரை அம்முதலீடு பயன் தந்தது.

இதனை முழுமையான தன்னுரிமை எனக் கொள்ளுதல் மிகை. தொடர் தயாரிப்பாளருடையதாயினும் நேரம் அலைவரிசையினுடையது. வாடகை நிலத்தில் கட்டிய வீடு எனலாம். முகத்தையே நம்பிய வணிகத்தில், முகம் விலகினால் என்னாகும் என்ற வினாவும் இருந்தது. 2020இல் தொடங்கிய ‘சித்தி 2’ அதற்குச் சோதனையாயிற்று. 2021இல் அரசியல் பணிக்காக அவர் அத்தொடரில் நடிப்பதிலிருந்து விலகினார். தொடர் அவரின்றியே 2022 வரை ஒளிபரப்பாயிற்று.